பிள்ளைக்கும் பொருந்தணும், தெருவுக்கும் பொருந்தணும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிசியோதெரபி படிப்பை முடித்துவிட்டு, செங்கோட்டை வட்டாரக் கிராமங்களில் நான் வேலைக்கு இறங்கியபோது, எங்களிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் போலியோ தாக்கியவர்கள். ஒரு கால் சூம்பியிருக்கும். மற்றபடி கை, வாய், புத்தி எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும். கொடுக்க எங்களிடம் இருந்ததும் காலிப்பர், ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டி என்று மூன்றே பொருள்தான். கால் நிற்காவிட்டால் காலிப்பர், தூரம் போக வண்டி. தேர்ந்தெடுப்பதற்கு என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

செங்கோட்டையிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் கேரள எல்லைக்கு முன்னால் வரும் கடைசி ஊர் புளியறை. சோதனைச்சாவடியைத் தாண்டினால் எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு. ஊரைச் சுற்றி நெல்வயல், காரும் பிசானமும் விளைகிற பூமி. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் களைகட்டும்போது இங்கே நாள் முழுக்கச் சாரல் நனைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் காலிப்பருக்கு இந்த ஊர் ஒத்துவரவே இல்லை. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், தொடையில் தோல் பட்டை, முழங்காலில் பூட்டு, அடியில் சட்டத்தோடு பிணைந்த கனமான பூட்ஸ். சாரலில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், பூட்டு துருவேறும், வரப்புச் சேறு அப்பிக்கொண்டால் காலைத் தூக்கவே முடியாது. செருப்போடு வீட்டுக்குள் நுழையும் வழக்கமும் கிடையாது. பிள்ளை வாசலிலேயே காலிப்பரைக் கழற்றிவிட்டு உள்ளே தவழ்ந்து போவான். சம்மணம் போட்டுச் சாப்பிடவும் அது விடாது, குத்தவைக்கவும் விடாது. சில மாதத்தில் சுவரில் ஆணியில் தொங்க ஆரம்பித்துவிடும். “வாங்கிக் கொடுத்தும் போட மாட்டேங்கான் டீச்சர்” என்று பிள்ளை மேல்தான் புகார் வரும்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1968-இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ஜெய்ப்பூர் காலை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு கால் இழந்தவர்களுக்குக் கிடைத்த செயற்கைப் பாதம், பூட்ஸுக்குள் நுழைத்துப் போடவேண்டிய ஒன்று. ஜெய்ப்பூர் காலைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம், குத்தவைக்கலாம், தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கலாம். போடுகிறவர் எப்படி வாழ்கிறார் என்பதைப் பார்த்து அதிலிருந்து பொருளைச் செய்திருந்தார்கள். புளியறையில் அதே பாடத்தை நான் பிளாஸ்டிக் காலிப்பர் வந்தபோது பார்த்தேன். காலுக்கு மாவுக்கட்டு போட்டு அளவெடுத்து, அந்த அச்சின் மேல் பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கி வார்த்துச் செய்வது. எடை குறைவு, சாதாரணச் செருப்புக்குள் அடங்கும், சேறு பட்டால் கழுவித் துடைத்துவிடலாம். இரும்புக் காலிப்பரை ஆணியில் மாட்டிய அதே பையன் இதைப் போட்டுக்கொண்டு சாரலில் வரப்பு வழியே பள்ளிக்கூடம் போனான். அவனுடைய அக்கறையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

பிறகு போலியோ போய்விட்டது. 1995-இல் நாடு முழுக்கச் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானதோடு புதிய நோயாளிகள் நின்றார்கள். 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற சான்றும் கிடைத்தது. என் கண் முன்னாலேயே ஒரு நோய் ஒழிந்ததைப் பார்த்தது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஆனால் எங்களிடம் வரும் பிள்ளைகளின் கூட்டம் குறையவில்லை, ஆள்தான் மாறியது. பிறந்ததும் அழாத பிள்ளை, எடை குறைந்து முன்கூட்டியே பிறந்த பிள்ளை, மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறிய பிள்ளை. மூளை முடக்குவாதம் என்று சீட்டில் எழுதியிருக்கும். இவர்களுக்குக் கால் மட்டும் பிரச்சினையாக இருக்காது. தலை நிற்காது, கை விறைக்கும், விழுங்கக் கஷ்டம், பேச்சு வராது. பலருக்குப் பார்வையிலும் கேள்வியிலும் குறை இருக்கும். போலியோவுக்குச் செய்ததுபோல ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இவன் எப்ப டீச்சர் நடப்பான்?” நடைவண்டி கேட்பார்கள். 1997-இல் கனடாவில் ராபர்ட் பாலிசானோவும் சக ஆய்வாளர்களும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். முதல் நிலைப் பிள்ளை எந்தத் துணையும் இல்லாமல் நடக்கும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைக்கவே ஆதரவு தேவை. எங்களுக்கு அது பெரிய உதவி. நாலாம், ஐந்தாம் நிலைப் பிள்ளையின் தாயிடம் நடையைப் பற்றிப் பொய் நம்பிக்கை கொடுக்காமல், அடுத்த வருஷம் இவன் என்ன செய்ய முடியும் என்று பேச அது ஒரு வழி கொடுத்தது. அந்தப் பேச்சு எப்போதும் உட்காருவதில்தான் தொடங்கும்.

புளியறைக்குப் பக்கத்தில் ஒரு நாலு வயதுப் பையன். பகல் முழுக்கப் பாயில் மல்லாந்து கிடப்பான், இல்லையென்றால் தாயின் இடுப்பில் இருப்பான். மல்லாந்தால் உடம்பு வில்லாக வளையும், கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும். சாய்த்துவைத்துச் சோறு ஊட்டினால் புரையேறும். அவனுக்கு நாங்கள் முடிவு செய்தது ஒரு மர நாற்காலி. பிரானூர் பார்டரில் மரம் அறுக்கிற மில்கள் வரிசையாக இருக்கின்றன. துண்டுப் பலகைக்குப் பஞ்சமில்லை, கைத்திறன் உள்ள ஆசாரிகளும் உண்டு. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் பழைய அட்டையையும் காகிதத்தையும் கூழால் ஒட்டியே இப்படி நாற்காலி செய்யும் முறையைப் பரப்பினார். செலவே இல்லாத அருமையான வழி. ஆனால் எங்கள் ஊர்ச் சாரலில் அட்டை ஊறிப்போகும். இங்கே மரம்தான் சரி.

அளவெடுப்பதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரற்கடை குறைத்தால் இருக்கையின் ஆழம். அதைவிட நீண்டால் பிள்ளை முன்னால் சறுக்கும், குறைந்தால் தொடைக்குத் தாங்கல் இருக்காது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடியணும். பாதம் பலகையில் முழுசாகப் படியணும். தொடைகளுக்கு நடுவே ரெக்ஸின் சுற்றிய கட்டை ஒன்று இருந்தால் கால்கள் பின்னாது. இடுப்பில் பட்டை. முழங்கை உயரத்தில் சாப்பாட்டுப் பலகை, கிண்ணம் உருளாதபடி அதற்கு விளிம்பு. ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்தேன். அவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, “பிள்ளையக் கூட்டிட்டு வாங்க டீச்சர், பிள்ளையப் பாக்காம நான் எப்படி அறுக்க?” என்றார். இந்தத் தொழிலுக்கு அதைவிடச் சரியான தொடக்கம் கிடையாது.

தாத்தாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “மரச்சட்டத்துல கட்டிவைக்கப் போறியளா பிள்ளைய?” என்று கோபமாகத் திண்ணைக்குப் போய்விட்டார். நான் வாதாடவில்லை. பையனை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையைப் போட்டு, முகவாய் லேசாகக் கீழே இறங்கும்படி தலைக்குப் பின்னால் ஒரு மடித்த துணியை வைத்தோம். தாய் குழைத்த இட்லியை எதிரில் உட்கார்ந்து ஊட்டினாள். புரையேறவில்லை. அதற்குள் அவன் கை பலகை மேலே வந்து, எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைப் பிடித்து இழுத்தது. அதுவரை அந்தக் கை விறைப்பாகத் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும். உடம்பு நிமிர்ந்ததும் கைக்கு வேலை கிடைத்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த தாத்தா ஒன்றும் பேசாமல் டம்ளரை எடுத்து மறுபடியும் அவனுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார். அடுத்த முறை நான் போனபோது காலைச் சாப்பாடு ஊட்டுவது தாத்தாவின் பொறுப்பாகியிருந்தது.

சக்கர நாற்காலியின் கதை வேறு. அது வீட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் முகாம்தான். உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் 1981-இல் வந்தது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் 1970-களிலிருந்து உபகரணங்களைத் தயாரித்து அனுப்புகிறது. மாநில அரசும் தொண்டு அமைப்புகளும் கொடுக்கின்றன. கொடுக்கிற மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மைக் செட்டு போட்டு, வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கும்போது அளவு என்ற ஒன்று காணாமல் போய்விடுகிறது. ஒரு முகாமில் வாங்கி வந்த பெரியவர்கள் சைஸ் நாற்காலியை, ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் பார்த்தேன். உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் இடைவெளி. சக்கரத்தைத் தள்ள எட்டவேண்டுமானால் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் முடியும். பாதம் அந்தரத்தில் தொங்கும். ஒரு வருஷம் அதில் உட்கார்ந்தால் முதுகெலும்பு வளைந்துவிடும். வாசலில் படிகள் வேறு. நடைவாசல் நிலை நாற்காலியைவிடக் குறுகல். முன்பக்கச் சின்னச் சக்கரம் தெருச் சேற்றில் புதைந்தால் நகராது. நெல் மூட்டை வைக்க அந்த நாற்காலி பயன்பட்டுக்கொண்டிருந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் சக்கர நாற்காலி வழங்குவதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் எட்டுப் படிகள். பரிந்துரை, பரிசோதனை, எந்த வகை என்று எழுதிக்கொடுப்பது, பணமும் ஆர்டரும், தயார் செய்வது, உட்காரவைத்துப் பொருத்துவது, பயிற்சி, பராமரிப்பும் மறுபார்வையும். நம் முகாம்களில் நடப்பது அந்த எட்டில் ஒன்றோ இரண்டோதான். மீதியெல்லாம் வீட்டார் தலையில் விழுகிறது.

அந்தப் பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். தாயிடம் கேட்டால், “பள்ளிக்கூடம் போகணும், வேற என்ன” என்றாள். அதனால் ஒரு நாள் முழுக்க அவளோடு இருந்து பார்த்தேன். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காரணத்தை அவள் தோழிதான் என் காதில் சொன்னாள். பள்ளிக்கூடக் கழிப்பறையில் அவளால் உட்காரவும் முடியாது, பிடித்து எழுந்திருக்கவும் பிடிமானம் இல்லை. ஆக, அவளுக்கு வேண்டிய முதல் உபகரணம் சக்கர நாற்காலியே இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, கழிப்பறைக் குழிக்கு மேல் வைத்து, சுவரில் இரண்டு இரும்புக் கம்பி பதித்தோம். தலைமையாசிரியர் முன்னின்று செய்து கொடுத்தார். அப்புறம் அவள் அளவுக்கு ஒரு சக்கர நாற்காலிக்கு எழுதிக்கொடுத்தோம். அது வந்ததும் அதைப் பள்ளிக்கூடத்திலேயே நிறுத்தினோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆட்டோ. அதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படியும் துணைக்கு வருகிறவருக்கான படியும் உண்டு. வீட்டுக்குள் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தவழ்ந்தாள். பிள்ளை தவழ்வதைக் கேவலமாக நினைக்கிற வீடுகள் நிறைய. அந்த வீட்டின் தரை அவளுக்குத் தெரிந்த தரை, அடுப்படிக்கும் கொல்லைக்கும் யார் உதவியும் இல்லாமல் அவளே போய்வந்தாள். பத்தாம் வகுப்பு வரை அவள் படிப்பு நிற்கவில்லை.

அமெரிக்காவில் ஜாய் ஸபாலா என்ற கல்வியாளர் தொண்ணூறுகளில் ஒரு வரிசையை முன்வைத்தார். முதலில் பிள்ளை, அடுத்து பிள்ளை இருக்கும் சூழல், அடுத்து அங்கே பிள்ளை செய்யவேண்டிய வேலை, கடைசியாகத்தான் கருவி. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கழிப்பறைதான் நினைவுக்கு வந்தது. நம் வழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பொருள் முதலில் வந்துவிடுகிறது, பிள்ளையை அதற்குள் உட்காரவைக்கப் பார்க்கிறோம். 1993-இல் அமெரிக்காவில் 227 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாங்கிய உபகரணங்களில் 29.3 விழுக்காட்டை முழுக்கக் கைவிட்டுவிட்டதாகத் தெரிந்தது. காரணங்கள் நாலு: பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேட்காதது, எளிதாகக் கிடைத்ததைக் கொடுத்தது, பொருள் சரியாக வேலை செய்யாதது, தேவை மாறியது. ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள், அவர்கள் நாடு வேறு. ஆனால் அந்த நாலையும் புளியறையின் ஒரே தெருவில் நான் காட்ட முடியும்.

காது விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் காது மெஷின் என்றால் சட்டைப்பையில் வைக்கிற பெட்டியும் அதிலிருந்து காதுக்கு ஏறும் ஒயரும்தான். தாய்மார் பனியனில் பை தைத்து அதற்குள் வைப்பார்கள். துணி உரசும் சத்தம்தான் பிள்ளைக்கு அதிகம் கேட்கும். பிறகு காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின் வந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் காதுக்குள் பொருந்தும் மோல்டு பிள்ளை வளர வளரச் சிறுத்துவிடும். இடைவெளி விழுந்தால் மெஷின் கீச்சென்று கத்தும். சத்தம் தாங்காமல் வீட்டார் வால்யூமைக் குறைப்பார்கள். குறைத்த பிறகு பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது, மெஷின் மட்டும் காதில் இருக்கும். சின்னப் பிள்ளைக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை மோல்டு மாற்றணும் என்று மெஷின் கொடுக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் சாரல் ஈரத்தில் ஒயரும் பேட்டரி முனையும் பச்சை பூத்துப்போகும். இரவில் மெஷினைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் மூடிவைப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. மெஷினுக்கு அதனால் ஆயுள் கூடும்.

அடுத்து வந்தது காக்ளியர் இம்ப்ளான்ட். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. பல லட்ச ரூபாய் செலவாகும் சிகிச்சை கூலி வேலை செய்கிறவர் பிள்ளைக்கும் கிடைப்பது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அறுவையோடு காது கேட்டுவிடும் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். உள்ளே பொருத்துவது பாதிதான். வெளியே மாட்டும் கருவியைத் திரும்பத் திரும்ப மேப்பிங் செய்து சரிப்படுத்தணும். கேட்கிற சத்தத்தைப் பேச்சாகப் புரிந்துகொள்ள வருஷக்கணக்கில் பயிற்சி வேணும். நன்றாகப் பேச ஆரம்பித்திருந்த ஒரு குழந்தைக்குத் தலையில் ஒட்டும் காயிலின் கேபிள் அறுந்துவிட்டது. புதிதாக வாங்கத் தகப்பனிடம் பணமில்லை. சீசன் முடிந்து வேலையும் இல்லாத மாதம். குழந்தை மாதக்கணக்கில் சத்தமில்லாத உலகத்துக்குத் திரும்பிப்போனாள், வந்த சொற்களும் மங்கின. அதன் பிறகு இம்ப்ளான்டுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்து நான் பேசுவது கேபிளைப் பற்றித்தான். உத்தரவாதம் எத்தனை வருஷம், அது முடிந்தால் உதிரிபாகம் எங்கே, என்ன விலை, அதற்கு எந்தத் திட்டத்தில் உதவி உண்டு. கூடவே, சைகை மொழியையும் விட்டுவிடாதீர்கள் என்பேன். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே படித்துத் தொழில் செய்து, குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேபிள் அறுந்த அன்றைக்கும் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரு பேச்சு இருக்கவேண்டும்.

பேச்சே வராத பிள்ளைகளிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. பையனுக்குக் கையும் காலும் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு சொல் வராது. “அவனுக்கு எல்லாம் புரியும் டீச்சர்” என்று அக்காக்காரி அடித்துச் சொன்னாள். ஒரு பலகையில் படம் ஒட்டி, அவன் கண்ணால் எதைப் பார்க்கிறானோ அதை நாம் சொல்வது என்று முடிவு செய்தோம். என்னென்ன படம் என்று கேட்டபோது தாய் சொன்னது சோறு, தண்ணி, ஒண்ணுக்கு. ஒட்டினோம். அவன் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்த்தான். சோறும் தண்ணியும் கேட்காமலேயே அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. சாலையில் கேரளாவுக்குப் போகும் லாரிகள் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றன. அடுத்த வாரம் லாரி படத்தை ஒட்டினேன். ‘வேண்டாம்’, ‘இன்னொரு தடவை’, ‘யாரு’ என்பவற்றுக்கும் படம் வைத்தேன். வீட்டு ஆட்களின் போட்டோவை அக்கா ஒட்டினாள்.

அவன் கண் லாரிக்குப் போனது. அங்கிருந்து தாய்மாமன் போட்டோவுக்கு. மறுபடியும் லாரி, மறுபடியும் மாமன். தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தம்பி லாரி டிரைவர். புனலூருக்குச் சரக்கு ஏற்றிப்போகும் நாளில் வாசலில் நிறுத்தி, இவனைத் தூக்கிக் கேபினில் உட்காரவைத்துவிட்டுப் போவாராம். சில வாரமாக அவர் வரவில்லை. “மாமாவக் கேக்கான்” என்றாள் அக்கா. அவன் சிரித்து உடம்பெல்லாம் குலுங்கியது. பேசத் தெரியாத பிள்ளைக்கு மறுக்கவும், திரும்பக் கேட்கவும், விசாரிக்கவும் சொல் கொடுத்தால்தான் அது பேச்சு. தேவைகளை மட்டும் பட்டியலிட்டால் ஆஸ்பத்திரி நர்ஸிடம் பேசவே அது பயன்படும்.

பின்னாளில் அவனுக்கு டேப்லெட் வந்தது. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். படத்தைத் தொட்டால் குரல் வரும். மடக்கிய விரலின் முட்டியால் அவன் சரியாகத் தொடப் பழகிய பிறகே அதற்குப் போனோம். பக்கத்துப் படங்களில் கை படாமல் இருக்க, ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டைத் திரைக்கு மேல் பொருத்தினோம். டேப்லெட்டில் வீடியோ வராதபடி பூட்டிவைத்தோம், இல்லையென்றால் அது தம்பி, தங்கைகளின் விளையாட்டுப் பொருளாகிவிடும். பழைய படப்பலகையை வீசவில்லை. லேமினேஷன் செய்து நாற்காலியில் கட்டினோம். சார்ஜ் தீர்ந்தாலும் கரண்ட் போனாலும் சாரலில் வெளியே உட்கார்ந்தாலும் அவனுக்குப் பேச்சு வேண்டுமே.

கண்ணாடியை யாரும் உதவி உபகரணமாக நினைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 50 முதன்மை உதவிப் பொருட்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மந்தமாக இருக்கிறான், எதையும் கவனிப்பதில்லை என்று சொல்லப்பட்ட பல பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது ஒரு கண் பரிசோதனை. கண்ணாடி போட்டதும் பொம்மையை எட்டிப் பிடிக்கிறார்கள். அதனால் எந்த விலையுயர்ந்த பொருளுக்கும் எழுதிக்கொடுக்கும் முன் கண்ணையும் காதையும் பார்த்துவிட்டு வரச்சொல்வது என் வழக்கமாகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் இந்தப் பாடங்களையெல்லாம் பேச ஒரு தைரியம் இருந்தது என்றால் அதற்கு ஆய்க்குடி காரணம். ஆய்க்குடிக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் பெங்களூரில் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பிறகு அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களே அங்கே முடிவெடுக்கிறார்கள். கதவு எவ்வளவு அகலம் வேண்டும், சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, சின்ன வயதிலேயே குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் முறையையும் அந்தச் சங்கம்தான் இங்கே ஊன்றியது. மாநில அரசும் இப்போது உலக வங்கி உதவியோடு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்துவருகிறது. நல்ல திசையில்தான் போகிறோம்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் உதவிப் பொருள் தேவை என்கிறது. கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. கொடுப்பது கூடணும், சந்தேகமில்லை. ஆனால் கொடுத்ததைப் பழுதுபார்க்கும் இடம் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு தாளில் மட்டும்தான் குறையும். சக்கர நாற்காலியின் பேரிங், டியூப், பிரேக் எல்லாம் ஊரில் சைக்கிள் கடைக்காரருக்கே கைவந்த வேலை. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் போதும், புளியறையில் அப்படி ஒருவர் பல வருஷம் செய்து கொடுத்தார். காலிப்பர் பட்டையைச் செருப்புத் தைக்கிறவர் மாற்றித் தருவார். காது மெஷினுக்கும் டேப்லெட்டுக்கும்தான் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ ஓடவேண்டியிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் நல்ல நிலையங்கள் உண்டு, ஆனால் நம் காப்பீட்டு அட்டையும் உதவித்தொகையும் எல்லையோடு நின்றுவிடும். ஒன்றியத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் இடம், மாதத்தில் இரண்டு நாளாவது திறந்திருக்கிற ஒன்று, இதைத்தான் நான் அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பெற்றோரிடம் சொல்வது வேறு. அடிப் திட்டத்தில் ஒரு பொருளை வாங்கினால் அதே உதவிக்கு மறுபடி மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு வருஷம். அளவு தவறிய நாற்காலியை இலவசம்தானே என்று வாங்கி வந்தால், பிள்ளை வளரும் வயதில் அந்த வருஷம் வீணாகிறது. அதனால் முகாமுக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வாசல்நிலையின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையை அதில் உட்காரவைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழுதானால் யாரிடம் போகவேண்டும், அடுத்த அளவு எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். மேடையில் இருக்கிறவர் அவசரப்படுத்தினால், “எம்பிள்ளைக்கு இது சேராது சார், சேர்றத எழுதிக் குடுங்க” என்று சத்தமாகவே சொல்லுங்கள். பொருத்தமான பொருளைக் கேட்பது பிள்ளையின் உரிமை. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது.